கராஜுக்கு ஒரு பிளான்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். வளவுக்குள் ஏதாவது கட்ட யோசிப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன மாதம் பெருக்க மரத்தடியில் என்னைக் கண்ட ஒரு பெற்றோர் கேட்டார்: "என்ன சேர், படிப்பிக்கிறத உட்டுட்டு கராஜ் போடப்போறீங்களாமே?" நமது ஊரில் கராஜ் என்றால் கிறீஸ் பூசிய கையோடு ஆட்கள் வாகனம் திருத்தும் இடம்தானே. இல்லை, என்னுடைய பழைய மாருதி 800ஐ நிறுத்த ஒரு கொட்டில் என்றேன். "அதுக்கு எதுக்கு சேர் பிளானும் கிளானும்? நாலு தூண நட்டு தகட்டப் போடுங்க" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் எதற்குக் கராஜ் என்று சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார் வைத்திருந்தவன் எல்லாம் பணக்காரன். இப்போதும் வேறொன்று வாங்க வாத்தியார் சம்பளத்தில் நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் நம்முடைய காற்று யாரையும் பணக்காரனாக விட்டுவைக்காது. கடலுக்கு இவ்வளவு கிட்ட வெளியில் நிற்கிற வாகனத்தைக் கறள் கீழிருந்து தின்னும். என் காரில் சாரதியின் கால்மிதிக்குக் கீழே ஒரு ஓட்டை விழுந்து, அதனூடாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே பாடசாலைக்குப் போய்வந்த நாட்கள் உண்டு. அத்தோடு உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். மழை நாளில் காரிலிருந்து இறங்கிச் சேற்றுக்குள்ளால் விறாந்தைக்கு ஏறுவதற்குள் அவர் படும் பாடு.

எங்கள் வளவு 18 பேர்ச்சஸ். முகப்பு 49 அடி, உள்ளே 100 அடி. வாசல் தெற்கே ரோட்டைப் பார்த்தது. வீடு 30 அடி அகலம். கிழக்கே 5 அடி இடைவெளி, மேற்கே 14 அடி. அந்த 14 அடியில்தான் கராஜ் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஒருவர் பிளான் கீறித் தருவதாகச் சொன்னார். பெயர் வேண்டாம். வளவுக்கு வரவில்லை. வட்ஸ்அப்பில் நீள அகலம் கேட்டார், இரண்டு படம் கேட்டார், 8,000 ரூபாய் கேட்டார். மூன்றாம் நாள் பிளான் வந்தது. 12 அடிக்கு 20 அடி, வீட்டுச் சுவரோடு ஒட்டி, முன்பக்கம் திறந்தபடி, கூரை முன்னுக்கு உயர்ந்து. பார்க்க வடிவாக இருந்தது. சந்தோசமாக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

நான் கணிதம் படிப்பிக்கிறேன். அந்தக் கிழமை தரம் 9க்கு அளவிடைப் படங்கள். பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட உண்மையான பிளான் ஒன்றைக் காட்டினால் நல்லது என்று அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினேன். அளவிடை 1:100. தாளில் ஒரு சென்றிமீற்றர், நிலத்தில் ஒரு மீற்றர். ஒவ்வொருவராக வந்து அடிமட்டத்தை வைத்து அளந்து சொல்ல வேண்டும்.

ஒரு பிள்ளை வந்தாள். எங்கள் வளவுக்குப் பின்வளவில் இருக்கும் சம்மாட்டி அண்ணனின் பேத்தி. கராஜ் சுவருக்கும் மேற்கு எல்லைக்கும் இடையில் அடிமட்டத்தை வைத்தாள்.

"6 மில்லிமீற்றர் சேர். அப்ப 60 சென்றிமீற்றர்."

"சரி."

"சேர், இதில அப்பப்பாட பாதை எங்க?"

வகுப்பில் யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சம்மாட்டி அண்ணனுக்குத் தன் வளவுக்கு வர வேறு ஒழுங்கை இருக்கிறது, ஆனால் அது பெரிய சுற்று. வாப்பா காலத்திலிருந்தே அவரும், அவருக்கு முன் அவருடைய தகப்பனும், எங்கள் மேற்கு வேலியோரத்தால்தான் சைக்கிளில் வலையும் மீன்பெட்டியும் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஏறுவார்கள். விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது அந்தச் சைக்கிள் சத்தம் கேட்கும். நாங்கள் அதைப் பாதை என்று நினைத்ததே இல்லை. 60 சென்றிமீற்றருக்குள்ளால் சைக்கிளின் கைபிடி போகலாம். இரண்டு பக்கமும் வலை கட்டிய சைக்கிள் போகாது.

அன்று வீட்டுக்கு வந்து தாளை மறுபடி விரித்தேன். இம்முறை வாத்தியார் கண்ணோடு. வடக்கு அம்புக்குறி ரோட்டைப் பார்த்து நின்றது. எங்கள் ரோடு தெற்கே! அந்தப் பிளான் வேறு யாருடையதோ வீட்டுக்குக் கீறியது. பெயரை மாற்றி எனக்கு வந்திருக்கிறது. எங்கள் மேற்குச் சுவரில் இருக்கும் இரண்டு யன்னல்கள் அதில் இல்லவே இல்லை. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நம்மட அறைக்குள்ள கார்ப் புகை வரட்டும் எண்டா கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தப்பு அவர் மீது மட்டுமில்லை. கையெழுத்து வைக்க ஆயத்தமாக இருந்தவன் நான்.

பின்னேரம் அஸருக்குப் பிறகு சம்மாட்டி அண்ணனிடம் போனேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, பேத்தி சொல்லியிருப்பாள்.

"உங்கட காணி சேர். நீங்க கட்டுங்க. நான் சுத்திப் போறன்" என்றார்.

அவர் என்னைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவர். வாழ்நாள் முழுக்க என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிட்டவர். அன்று "சேர்" என்றார்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1990 ஒக்டோபர் கடைசியில் நாங்கள் போனபோது எனக்கு 12 வயது. வீட்டைப் பூட்டிவிட்டு, கொண்டுபோக விட்டதைக் கொண்டு, வள்ளத்தில் கற்பிட்டிக்கு. இந்தக் கதை உங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, நான் நீட்டவில்லை. வாப்பா புத்தளத்தில் மௌத்தாகி அங்கேயே அடக்கம். 2010இல் திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, நிலை இல்லை. ஆனால் வேலி இருந்தது. 20 வருடமும் மழைக்கு முன் கிளுவைக் கதியால் நட்டு அந்த வேலியை அடைத்தவர் சம்மாட்டி அண்ணன். கிணற்றுக்கு மேல் பலகை போட்டு மூடியிருந்தார். கராஜ் பிளானுக்காக இந்த வருடம் நில அளவையாளரைக் கூட்டிவந்தபோது நாலு எல்லைக் கல்லும் நின்ற இடத்திலேயே கிடைத்தன. "இப்பிடிக் கிடைக்கிறது குறைவு சேர்" என்றார் அவர். எத்தனை பேருக்குத் திரும்பி வந்த பின் எல்லைக்கல்லில்தான் முதல் சண்டையே தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த மனிதனுக்கு நான் விட்டுவைத்த இடம் 6 மில்லிமீற்றர்.

இரண்டாவது பிளானுக்கு என்னிடம் முன்னர் படித்த பிள்ளை ஒருத்தியைத் தேடிப் போனேன். இப்போது படவரைஞராக இருக்கிறார். பிளான் கீறுவதற்கு முன் வளவைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு சனிக்கிழமை காலையில் வந்து மூன்று மணித்தியாலம் நின்றார். நீளம் அகலம் கடைசியாகத்தான் அளந்தார். முதலில் கேள்விகள்.

"சேர், கச்சான் எந்தப் பக்கத்தால அடிக்கும்?"

தென்மேற்கிலிருந்து என்றேன். மே தொடங்கினால் செப்டம்பர் வரைக்கும். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைச் சும்மா நட்டு வைத்திருக்கிறார்களா? அப்படியென்றால் முன்பக்கம் திறந்து, பின்பக்கம் அடைத்து, முன்னுக்கு உயர்ந்த கூரை வைத்தால் அது கராஜ் இல்லை சேர், பாய்மரம் என்றார். காற்று உள்ளே போய் வெளியேற வழியில்லாமல் தகட்டைக் கீழிருந்து தூக்கும். ஆகவே கூரையைத் திருப்பினார்: முன்னுக்கு ஏழரை அடி, பின்னுக்கு 9 அடி, 18 அடி நீளத்துக்கு ஒன்றரை அடி சாய்வு, அதாவது அடிக்கு ஓர் அங்குலம். பின்சுவரில் மேல்வரி முழுக்கக் காற்றோட்டக் கல். எங்கள் வீட்டுத் தாழ்வாரம் ஒன்பதரை அடியில் இருப்பதால் 9 அடிக்கு மேல் போகவும் முடியாது, கராஜ் கூரை அதற்குக் கீழே நுழைய வேண்டும். வேறு வீட்டுக்குக் கீறிய பிளானுக்கு எங்கள் தாழ்வாரம் எங்கே தெரியும்?

"மழைக்குத் தண்ணி எவ்வளவு நிக்கும்?"

டிசம்பரில் கரண்டை வரை. அதனால் தளம் முற்றத்தை விட 9 அங்குலம் உயரம், முன்னால் சரிவு.

ரோலர் கதவு போட எனக்கு ஆசை. உப்புக்காற்றில் அந்தச் சுருள் கறள் பிடித்து இறுகினால் காரை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல்தான் என்று சொல்லி இரட்டை மரக்கதவு கீறினார். தூண்களுக்குக் கம்பிக்கு வெளியே இரண்டு அங்குலம் கொங்கிறீற் இருக்க வேண்டும், வளவுக் கிணற்றுத் தண்ணியில் குழைக்கக் கூடாது, பவுசர் தண்ணி எடுங்கள் என்று தாளின் ஓரத்திலேயே எழுதினார். எங்கள் கிணறு எப்போதும் கொஞ்சம் உவர். உப்புத்தண்ணியில் குழைத்த கொங்கிறீற்றுக்குள் கம்பி உள்ளேயே கறள் பிடித்து வீங்கி, தூணை வெடிக்க வைக்கும். 2010க்குப் பிறகு அவசரத்தில் கட்டிய எத்தனை வீடுகளின் பீமில் இந்த வெடிப்பைப் பார்த்திருக்கிறேன். என் வீடும் அதில் ஒன்று.

பிறகு காரை வெளியே எடுக்கச் சொல்லி, கதவுகளைத் திறந்து வைத்து அளந்தார். மாருதி 800 அகலம் 1,440 மில்லிமீற்றர், நாலே முக்கால் அடி வரும். "கார் 5 அடிதானே எண்டு நினைக்காதீங்க சேர், கதவு திறந்த கார்தான் அளவு." உம்மா இறங்குவது இடப்பக்கம். அந்தக் கதவு முழுதாகத் திறக்க வேண்டும். மறுபக்கம் நான் ஒருச்சாய்த்து இறங்கிக்கொள்ளலாம். உள்ளகலம் 9 அடி போதும். காரைப் பின்னால் எடுத்து விட்டால் உம்மாவின் கதவு வீட்டுப் பக்கம் வரும். அங்கே ஒரு சின்ன வாசல் வைத்தால் நேரே விறாந்தை. இதை அவர் சொன்னபோது உள்ளே படுத்திருந்த உம்மா, "அந்தப் புள்ளைக்கு தேத்தண்ணி குடுத்தியா?" என்று கேட்டார். உம்மாவிடமிருந்து அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

கடைசியாகத்தான் பாதை. வெளியகலம் 10 அடி என்றால் 14இல் 4 அடி மிஞ்சும். யன்னல்களை மறைக்காமல் இருக்கக் கராஜை முன்னுக்கு இழுத்தார்: 6 அடி வீட்டோடு ஒட்டி, 12 அடி முற்றத்துக்குள். வீடு ரோட்டிலிருந்து 28 அடி உள்ளே இருப்பதால் கராஜுக்கு முன்னால் 16 அடி கிடைக்கும். படலையைச் சாத்திவிட்டுக் கதவைத் திறக்கக் காருக்கு நிற்க இடம் உண்டு. 4 அடி என்றால் 1:100இல் 12 மில்லிமீற்றர். பென்சிலால் இரண்டு கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"சேர், இதில என்ன எழுதுற?"

அதுதான் கேள்வி. வெறுமையாக விட்டால் அது எங்கள் முற்றம். "நடைவழி" என்று எழுதினால் அது நகர சபைக் கோப்புக்குள் போகும், முத்திரையோடு திரும்பி வரும்.

சட்டத்தரணியாக இருக்கும் மச்சானிடம் கேட்டேன். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் பற்றி, 10 வருடம் தடையில்லாமல் பாவித்தால் என்ன நடக்கும் என்பது பற்றிச் சொன்னார். நம்மைப்போல் போரால் காணியை விட்டுப் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்ததையும், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அந்தக் கணக்கில் சேராது என்று அது சொன்னதையும், அதன்படி வழக்குப் போட இரண்டு வருடம்தான் தவணை இருந்ததையும் விளக்கினார். பிறகு, "வாப்பா அனுமதி குடுத்துத்தானே அவர் போறார், அனுமதியில போறது உரிமையாகாது. நீ பிளான்ல கீறினாத்தான் நாளைக்கு அது உனக்கு எதிரான அத்தாட்சி" என்றார். அவர் தன் தொழிலைச் சரியாகச் செய்தார்.

காணி இன்னும் பிரிக்கப்படவில்லை. உம்மா, நானா, நான். மூவரும் சம்மதக் கையெழுத்து வைக்க வேண்டும். புத்தளத்தில் இருக்கும் நானாவுக்குப் பிளானை அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் அழைப்பு.

"நாம ஒருக்கா எல்லாத்தையும் உட்டுட்டு வந்த ஆக்கள். மிச்சத்திலயும் நாலடிய உடப்போறியா?"

என்னிடம் பதில் இல்லை. நானாவுக்கு அப்போது 19 வயது. வீட்டைப் பூட்டியது அவர். சாவி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, கதவுதான் இல்லை. அவரோடு நான் சட்டமும் பேசவில்லை, நன்றியும் பேசவில்லை. எல்லைக்கல் நாலும் கிடைத்ததை மட்டும் சொன்னேன். வேலியை யார் அடைத்தது என்று அவருக்கே தெரியும். இரண்டு கிழமை அவர் பேசவில்லை. நானும் கராஜ் கதையை எடுக்கவில்லை. கார் வெளியில் நனைந்துகொண்டு நின்றது.

பிறகு ஒரு ஜும்ஆ முடிந்து அழைத்தார். "கையெழுத்து வைக்கிறன். ஆனா 'உரிமையாளர் சம்மதத்துடன்' எண்டு பக்கத்தில எழுது. வாப்பா இருந்தா நீ செய்யிறதத்தான் செஞ்சிருப்பார். அதுக்காக எனக்கு இது சரி எண்டு நினைக்காத."

அந்த இரண்டு சொல்லும் எனக்குக் கசந்தன. எழுதினேன். நானாவின் கையெழுத்து இல்லாமல் வாப்பாவின் காணியில் ஒரு கல் வைக்க எனக்கு விருப்பமில்லை, அது கராஜாக இருந்தாலும்.

கடதாசி வேலைகளை வேகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்பொக்ஸில் கேட்கிறீர்கள். நகரத்துக்குள் வீடோ, வீட்டோடு சேர்த்து இழுக்கும் எதுவோ கட்டுவதற்கு முன் உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டும். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இது இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் இப்போதைய கட்டட ஒழுங்குவிதிகள் 2021 ஜூலை வர்த்தமானியில் வந்தவை. உறுதிப் பிரதி, நில அளவை வரைபடம், சோலை வரிப் பற்றுச்சீட்டு, பிளான் பிரதிகள் ஆயத்தமாக இருக்கட்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்ப்பார், ரோட்டுக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதை அவரிடம் முதலே கேட்டுக்கொண்டு கீறினால் திருப்பிக் கீறும் செலவு மிச்சம். விண்ணப்பத்தில் பாவனை "குடியிருப்பு" என்று தெளிவாக எழுதுங்கள். வெறுமனே கராஜ் என்று எழுதி, தொழிலுக்கா என்று கேட்க வைக்காதீர்கள்.

இடம்பெயர்வில் உறுதி தொலைந்தவர்களுக்கு: தொலைந்தது உங்கள் பிரதிதான். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி ஆகியவற்றில் கிடைப்பதைக் கொண்டு தேடி, உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். நாங்கள் அப்படித்தான் எடுத்தோம். வாப்பாவின் கையெழுத்தை 30 வருடத்துக்குப் பிறகு பார்த்து உம்மா தடவிக்கொண்டிருந்தார்.

அனுமதி வந்த அன்று பிளானை எடுத்துக்கொண்டு சம்மாட்டி அண்ணனிடம் போனேன். அவர் கண்ணாடி போடவில்லை. பேத்திதான் வாசித்தாள்: நடைவழி, 4 அடி, உரிமையாளர் சம்மதத்துடன். கடைசிச் சொற்களை அவள் வாசிக்கும்போது நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பெரியவன் எழுதச் சொன்னவனோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

"அவன் சின்னனிலயே கணக்குப் பாக்கிறவன்" என்று சிரித்தார். "தம்பி, நாலடி கூடிப்போச்சு. மூண்டரை காணும். அரையடிய நீங்க எடுங்க, உம்மா இறங்கக் கஸ்டப்படுவா."

முத்திரை குத்திய பிளானை இனி மாற்ற முடியாது அண்ணன் என்றேன். அப்படியென்றால் சரி என்றார்.

இப்போது அத்திவாரம் வெட்டியாயிற்று. மேசன் கயிறு கட்டி வைத்திருந்ததில் விடியச் சைக்கிள் பட்டு ஒரு முளை சாய்ந்திருந்தது. நானே அளந்து நட்டுவிட்டேன். மழைக்கு முன் கூரை ஏற வேண்டும். கூரைக்கு இரும்பு வேண்டாம், பனைதான் என்று பிள்ளை எழுதியிருக்கிறார். நல்ல முதிர்ந்த, வைரமேறிய பனஞ்சிலாகை, 11 அடி நீளத்தில், யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். தலைமன்னார்ப் பக்கம் என்றாலும் வந்து ஏற்றிக்கொள்கிறேன், காரில் இல்லை, லொறியில்.